வெங்காயமும் வர்த்தமானியும்

(கட்சியின் கமக்காரர், கடற்றொழிலாளர், இளைஞர் பிரிவுகளின் கூட்டுக் கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரை. நேரில் வர முடியாத உறவுகளுக்காகவும் புலம்பெயர் உறவுகளுக்காகவும் எழுத்து வடிவில் தருகிறோம். பேச்சு மொழியைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



பொருளாதாரம் எண்டு தலைப்புப் போட்ட உடனே பின்வரிசையில கொஞ்சப் பேர் கைத்தொலைபேசியை எடுத்திட்டினம், நான் பாத்தனான். பிழை உங்களில இல்ல. மேடையில ஏறுற ஆக்கள் டொலர், வட்டி வீதம், மொத்தத் தேசிய உற்பத்தி எண்டு தொடங்கினா எவருக்கும் நித்திரைதான் வரும். அதனால நான் வெங்காயத்தில இருந்து தொடங்குறன்.

உங்கட வீட்டில எழுபது எழுபத்தைஞ்சு வயசு தாண்டின அப்புவோ அம்மம்மாவோ இருந்தா இண்டைக்கு இரவு ஒருக்கா கேளுங்கோ: "எங்கட தோட்டத்துக்கு எப்ப நல்ல காலம் இருந்தது?" வலிகாமத்திலயோ வடமராட்சியிலயோ தோட்டம் செய்த ஆக்கள் எண்டா பத்தில எட்டுப் பேர் சொல்லப்போற பதில் ஒண்டுதான். "சிறிமாவோ காலத்தில." 1970 இல இருந்து 1977 வரைக்கும் இருந்த அந்த ஆட்சியில வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் உருளைக்கிழங்கும் நாட்டுக்குள்ள வாறது கிட்டத்தட்ட நிண்டுபோச்சு. முழு இலங்கைக்கும் காரம் போட்டது எங்கட செம்மண். மிளகாய் வித்த காசில கல்வீடு கட்டினவை, லான்ட்மாஸ்டர் வாங்கினவை, பிள்ளையளைக் கொழும்புக்குப் படிக்க விட்டவை எத்தினை பேர். தரப்படுத்தல் எண்டு பல்கலைக்கழக வாசலை எங்கட பிள்ளையளுக்குச் சுருக்கினதும் இதே ஆட்சிதான், புதுசா ஒரு யாப்பைக் கொண்டுவந்து எங்கட அரசியலை ஓரங்கட்டினதும் இதே ஆட்சிதான். ஆனா தோட்டக்காரன் அந்தக் காலத்தை இண்டைக்கும் நல்லாத்தான் சொல்லுவான். மனுசன் அப்பிடித்தான், கையில வந்த காசை மறக்கமாட்டான்.

இப்ப அதே காலத்தை மலையகத்தில போய்க் கேளுங்கோ. 1973, 74 இல தோட்ட லயங்களில பட்டினிச் சாவு விழுந்தது. கூப்பன் அரிசி குறைஞ்சுபோச்சு, மா கிடையாது. கொழுந்து எடுத்து நாட்டுக்கு டொலர் உழைச்சுக் குடுத்த சனம் சாப்பாடில்லாமல் வன்னிக்கு இறங்கி வந்தது. கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் வவுனியாவிலயும் இண்டைக்கு இருக்கிற எத்தினையோ குடும்பங்கள் அப்பிடி வந்தவைதான். கொழும்பிலயும் பாணுக்கு விடியமுன்னம் வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்தில இருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோக ஏலாது, றோட்டில மறிச்சுச் சோதிப்பினம்.

ஒரே கொள்கை, ஒரே வருசம். யாழ்ப்பாணத்தில கல்வீடு, மலையகத்தில பட்டினி. ரெண்டும் எங்கட சனம்.

இதை ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, இப்ப முகநூலில ஒரு கூட்டம் திரும்பவும் அந்தப் பாட்டைத்தான் பாடுது. "இறக்குமதியை நிப்பாட்டு, எல்லாம் சரியாயிடும்" எண்டு. எங்கட ஆதரவாளர்களும் அந்தப் பதிவுகளைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறியள். பகிர முன்னம் ஒரு விசயத்தை யோசியுங்கோ. சிறிமாவோ அரசாங்கம் எங்கட தோட்டக்காரனில இரக்கப்பட்டுக் கதவைப் பூட்டேல்ல. கையில டொலர் இல்லாமல் பூட்டினது. தேயிலை, றப்பர், தெங்கு மூண்டையும் வித்து வந்த காசு காணாமப் போச்சு. 1973 இல உலகச் சந்தையில எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறிச்சுது. எங்களுக்கு வந்த லாபம் அந்தப் பஞ்சத்தின்ர பக்க விளைவு. எங்களுக்கெண்டு யோசிச்சுச் செய்த கொள்கையா இருந்திருந்தா அது ஆட்சி மாறினாலும் கொஞ்சமாவது நிண்டிருக்கும்.

நிக்கேல்ல. 1977 ஜூலையில ஜே.ஆர். ஜெயவர்த்தன வெண்டார். அந்த வருச முடிவுக்குள்ள திறந்த பொருளாதாரம். கப்பலில வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்கிச்சுது. இஞ்ச தோட்டத்தில நிண்ட பயிர் நிண்டபடி விலை விழுந்தது. கடன் எடுத்துக் கிணறு ஆழமாக்கினவன், மெசின் வாங்கினவன், எல்லாருக்கும் ஒரே அடி. கதவைத் திறக்க முன்னம் "ரெண்டு வருசத்தில திறக்கப்போறம், நீங்கள் வேற பயிருக்கு மாறுங்கோ, இந்தாங்கோ உதவி" எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்ல. அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நான் அந்தக் கதைக்குள்ள இப்ப போகேல்ல. வேலையில்லாமல் தோட்டமும் இல்லாமல் நிண்ட இளைஞர்களின்ர கோவத்துக்கு இந்த வெங்காய விலைக்கும் ஒரு பங்கு இருந்தது எண்டு மட்டும் சொல்லிவைக்கிறன்.

சரி, இது பழைய கதை. இப்ப எப்பிடி நடக்குது?

2007 இல பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம். பேரைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, விசயம் சின்னது. வெளிநாட்டில இருந்து ஒரு சாமான் வந்தா அதுக்குச் சுங்க வரி, செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, அதுக்கு மேல பெறுமதி சேர் வரி எண்டு வரிக்கு மேல வரி ஏறும். அதை விட்டிட்டு வெங்காயம், கிழங்கு, பருப்பு, சீனி, மிளகாய் மாதிரியான அத்தியாவசியச் சாமானுக்கு கிலோவுக்கு இவ்வளவு ரூபா எண்டு ஒரே ஒரு வரி. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த "இவ்வளவு ரூபா" எவ்வளவு எண்டு தீர்மானிக்கிறது ஆர்? நிதி அமைச்சர். எப்பிடி? ஒரு வர்த்தமானி. எப்ப? அவர் நினைச்ச நேரம். இரவு அச்சாகி விடிய நடைமுறைக்கு வந்திடும்.

2020 ஒக்ரோபர் ஞாபகம் இருக்கா? சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவா இருந்த வரியை ஒரே வர்த்தமானியில 25 சதமாக்கினவை. ரூபா இல்ல, சதம். கடையில சீனி விலை அந்த அளவுக்கு இறங்கினதா? சங்கக்கடையிலயோ சந்தியில உள்ள கடையிலயோ 50 ரூபா குறைச்சு வாங்கின ஆக்கள் இஞ்ச இருந்தா கை தூக்குங்கோ. (ஒருவரும் கை தூக்கவில்லை.) அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரி போச்சு, சனத்துக்கு விலையும் குறையேல்ல. அப்ப நடுவில காசு எங்க போச்சு எண்டு கேக்கத்தான் வேணும். ஒரு கையெழுத்தில இவ்வளவு காசு ஒரு பக்கத்தில இருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடுமெண்டா, அந்தக் கையெழுத்தைப் போடுறது நல்லவரோ கெட்டவரோ எண்டு பாக்கிறதோட எங்கட வேலை முடியாது. அப்பிடி ஒரு பேனை ஒருத்தர் கையில தனிய இருக்கலாமோ எண்டு கேக்கவேணும்.

தோட்டக்காரனுக்கு இது எப்பிடி விடியுது எண்டு பாருங்கோ. உருளைக்கிழங்கு நாங்கள் கார்த்திகை மார்கழியில நடுவம். மாசி பங்குனியில கிண்டுவம். கிட்டத்தட்ட மூண்டு மாசம். விதைக்கிழங்கு விலை, பசளை விலை, மருந்து, கூலி, தண்ணி இறைக்கிற செலவு எல்லாத்தையும் அவன் முதல் நாளே போட்டிடவேணும். கிண்டுற நேரம் கிழங்கு என்ன விலைக்குப் போகும் எண்டது நடுற நேரம் அவனுக்குத் தெரியாது. மழையைப் பற்றித் தெரியாட்டிப் பரவாயில்ல, அது கடவுள் கையில. ஆனா வரி மனுசன் கையில இருக்கிற விசயம். அதை நடுறதுக்கு முன்னமே சொல்ல என்ன தடை? அறுவடைக்கு முதல் கிழமை கப்பல் வந்து இறங்கின பிறகு வரியைக் கூட்டி என்ன பிரயோசனம்? இறக்குமதிகாரன் களஞ்சியத்தை நிரப்பிப்போட்டுத்தான் இருக்கிறான். வரி கூடினா அவனுக்கு இன்னும் லாபம், பழைய வரியில வந்த சாமானைப் புது விலைக்கு விப்பான்.

எங்கட கட்சி முதல்ல கேக்கிறது இதைத்தான். வெங்காயம், கிழங்கு, மிளகாய்க்கு ஒரு வரி நாட்காட்டி. எந்த மாசம் எவ்வளவு எண்டு ஒவ்வொரு போகத்துக்கும் விதைக்க முன்னமே பாராளுமன்றத்தில வைச்சு அறிவி. இடையில மாத்திறதெண்டா காரணத்தோட பாராளுமன்றத்துக்குத் திரும்ப வா. அறுவடைக் காலத்தில வரி உயர்ந்து நிக்கட்டும், எங்கட விளைச்சல் முடிஞ்ச மாசங்களில இறங்கட்டும். அப்ப மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் கொழும்புத் தொடர்மாடியில இருக்கிற சனமும் வருசம் முழுக்கக் கூடின விலை குடுக்கத் தேவையில்ல. எழுபதுகளில எங்கட கல்வீட்டுக்கு விலை குடுத்தது அந்தச் சனம். அதை நாங்கள் மறந்து போட்டுக் கொள்கை எழுத ஏலாது.

இன்னொரு விசயம். கதவு எங்கட கையில மட்டும் இல்ல. 2023 மார்கழியில இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. தங்கட சனத்துக்கு விலை ஏறுது எண்டு. அடுத்த வருசம் மே மாசம்தான் எடுத்தது. அந்த மாசங்களில இஞ்ச பெரிய வெங்காயம் என்ன விலை போச்சு எண்டு சமைக்கிற ஆக்களுக்குத் தெரியும். அயல் நாட்டை மட்டும் நம்பி எங்கட தோட்டத்தைத் தரிசாக விட்டா, அங்க ஒரு தேர்தல் வந்தாலும் இஞ்ச எங்கட அடுப்பில பிரச்சினை.

இப்ப கொஞ்சம் பெரிய கணக்குக்கு வருவம். பயப்பிடாதேங்கோ, கெதியா முடிச்சிடுவன்.

2021 இல நாங்கள் வெளிநாட்டில இருந்து வாங்கின சாமான் 20 பில்லியன் டொலருக்குக் கொஞ்சம் மேல. வித்தது 12.5 பில்லியன். இடையில இருக்கிற எட்டு பில்லியன் பள்ளத்தை என்னத்தால நிரப்புறது? உல்லாசப் பயணிகள், மத்திய கிழக்கில வீட்டுவேலை செய்யிற அக்காமார் அனுப்புற காசு, கனடாவில லண்டனில பிரான்சில இருந்து நீங்கள் அனுப்புற காசு. அதுக்கும் காணாட்டிக் கடன். 2019 முடிவில பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில இருந்து 8 ஆக்கி அரசாங்கம் தன்ர பையைத் தானே ஓட்டையாக்கினது. பிறகு கொரோனா. பிறகு 2021 இல ஒரே இரவில இரசாயனப் பசளைத் தடை. 2022 ஏப்பிரல் 12 இல "வெளிநாட்டுக் கடன் கட்ட எங்களால ஏலாது" எண்டு கையை விரிச்சாச்சு. சர்வதேச நாணய நிதியத்திட்டப் போனது அதோட 17 ஆவது தரம்.

வரிசையில நிண்டதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தமிழ்நாட்டில இருந்து அரிசியும் பால்மாவும் கப்பலில வந்ததும் அந்த வருசம்தான். ஆனா கொழும்புத் தொலைக்காட்சியில பெற்றோல் வரிசையை மட்டும்தான் காட்டினவை. மண்ணெண்ணெயைக் காட்டேல்ல. 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து ஒரே தரத்தில 340 ரூபா. வள்ளத்து இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய், தோட்டத்தில தண்ணி இறைக்க மண்ணெண்ணெய், குப்பி விளக்கு எரியிற வீட்டுக்கும் மண்ணெண்ணெய். பருத்தித்துறையிலயும் குருநகரிலயும் எத்தினை வள்ளம் கரையில இழுத்துக் கிடந்தது. விலையைச் செலவுக்கு ஏத்தமாதிரி வைக்கத்தான் வேணும் எண்டா, சரி, வாதத்துக்கு ஒத்துக்கொள்ளுறன். ஆனா நாலு மடங்கை ஒரே இரவிலயா? திரும்பவும் அதே பழக்கம்தான் பாருங்கோ. பூட்டுறதெண்டாலும் இரவோட இரவா, திறக்கிறதெண்டாலும் இரவோட இரவா, ஏத்துறதெண்டாலும் இரவோட இரவா.

அடுத்ததா ஏற்றுமதி. எங்கட நாடு வெளிநாட்டுக்கு விக்கிற சாமானில பத்தில நாலு பங்கு உடுப்பு. அதில பெரிய பங்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும். கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் விடியக்காலமை தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிக்கிற எங்கட தங்கச்சிமார் தைக்கிறதும் அதுக்குள்ள இருக்கு.

2025 ஏப்பிரலில அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் எங்களுக்கு 44 வீத வரி எண்டு பலகையில எழுதிக் காட்டினார். அந்த 44 எப்பிடி வந்தது எண்டு தெரியுமோ? அமெரிக்கா எங்களிட்ட வாங்கினது 3 பில்லியன் டொலர். எங்களுக்கு வித்தது 0.37 பில்லியன் அளவில. வித்தியாசத்தை வாங்கின தொகையால பிரிச்சா 88 வீதம். அதில பாதி 44. அவ்வளவுதான். எங்கட வரி எவ்வளவு, எங்கட சம்பளம் எவ்வளவு எண்டு ஒண்டும் பாக்கேல்ல, நாலாம் வகுப்புக் கணக்கு. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 30, பிறகு ஓகஸ்டில 20. வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அதே 20 எண்டபடியால தப்பிச்சம் எண்டு கொழும்பில நிம்மதிப் பெருமூச்சு. ஒரு சின்னத் தீவு தன்ர ஏற்றுமதியில நாலில ஒரு பங்கை ஒரே கடைக்காரனை நம்பி வைச்சிருந்தா அந்தக் கடைக்காரன் தும்மினா எங்களுக்குக் காய்ச்சல் வரும்.

ஐரோப்பாக் கதை வேற. அங்க எங்களுக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை இருக்கு. உடுப்புக்கு வரியில்லை. அதுக்கு நிபந்தனை, 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிச்சு நடக்கவேணும்; மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல். 2010 ஓகஸ்டில ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சலுகையை எடுத்தது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சிறுவர் உரிமை, குடியியல் அரசியல் உரிமை, இந்த மூண்டையும் இலங்கை ஒழுங்காக் கடைப்பிடிக்கேல்ல எண்டு. 2017 மே மாசம்தான் திரும்பத் தந்தது. அந்த ஏழு வருசமும் நட்டம் ஆருக்கு?

இதில ஒரு பொய்யைக் காலங்காலமாச் சொல்லிவருகினம்: "தமிழ்க் கட்சிகள் ஜெனீவாவுக்குப் போய் நாட்டின்ர வயித்தில அடிக்கினம்" எண்டு. நீங்களும் கேட்டிருப்பியள், உங்கட பதிவுகளுக்குக் கீழயே வந்து எழுதுறவை. அவைக்கு நீங்கள் சொல்லவேண்டியது இதுதான். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல தற்காலிகம் எண்டு வந்தது. இண்டைக்கு வயசு நாப்பத்தைஞ்சு தாண்டிப்போச்சு. அதை எடுக்கச் சொல்லி ஐரோப்பா ஒவ்வொரு தடவையும் கேக்குது. எடுக்கிறன் எண்டு ஒவ்வொரு அரசாங்கமும் ஒவ்வொரு தடவையும் ஒத்துக்கொள்ளுது. அந்த வாக்கைக் காப்பாத்தினா நட்டம் ஒரு சதமும் இல்ல. காப்பாத்தாட்டி, கட்டுநாயக்காவில தைக்கிற சிங்களப் பிள்ளைக்கும் கிளிநொச்சியில தைக்கிற தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே நாளில வேலை போகும். வயித்தில அடிக்கிறது ஆர்?

தேயிலையைப் பற்றி நிறையச் சொல்லலாம், மலையகத் தோழர்கள் தனியா ஒரு கூட்டம் வைக்கினம், அதில விரிவாக் கதைப்பம். ஒண்டு மட்டும். ஈரானிட்ட வாங்கின எண்ணெய்க்கு இருந்த 250 மில்லியன் டொலர்க் கடனை மாசம் மாசம் தேயிலையாக் கட்டுறது எண்டு 2021 மார்கழியில ஒப்பந்தம் போட்டினம். 1952 இல சீனாவுக்கு றப்பரைக் குடுத்து அரிசி வாங்கின மாதிரி. அமெரிக்காவுக்குப் பிடிக்காமல் செய்த அந்த றப்பர்-அரிசி ஒப்பந்தம் சின்ன நாடும் புத்தியோட நிண்டா தன்ர வழியைத் தானே பாக்கலாம் எண்டதுக்கு நல்ல சாட்சி. ஆனா நாட்டின்ர எண்ணெய்க் கடனையே கொழுந்தால அடைக்க ஏலும் எண்டா, அந்தக் கொழுந்தை எடுக்கிற கைக்கு 2024 இல நாட்கூலி 1,350 ரூபா வாறதுக்கு ஏன் அவ்வளவு போராட்டம் தேவைப்பட்டது?

"சிங்கப்பூர் மாதிரி வருவம்" எண்டு சொல்லாத அரசியல்வாதி இந்த நாட்டில இல்ல. 2018 இல சிங்கப்பூரோட தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் செய்தாச்சு. சிங்கப்பூர் ஏற்கெனவே கிட்டத்தட்ட எந்தச் சாமானுக்கும் இறக்குமதி வரி போடுறதில்ல. பிறகு அவை எங்களுக்கு என்ன வரியைக் குறைச்சவை? குறைச்சது நாங்கள்தான். அதோட, சிங்கப்பூரில வெங்காயம் செய்யிற கமக்காரன் இல்ல. அந்தச் சட்டை எங்களுக்கு அளவில்ல.

எனக்கு அளவாத் தெரியிறது மொரீசியஸ். எங்கட ஆக்களும் வாழுற தீவு அது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற தீவு. கரும்பைத் தவிர ஒண்டுமில்லாமல் இருந்தவை. 1970 இல ஏற்றுமதி வலயச் சட்டம் கொண்டுவந்தவை. ஏற்றுமதிக்குச் செய்யிற தொழிற்சாலைக்கு மூலப்பொருளை வரியில்லாமல் விட்டினம். உள்ளூருக்குச் செய்யிறவனுக்கு இருந்த பாதுகாப்பை ஒரே அடியா உடைக்கேல்ல. ஒரு கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு மற்றக் கதவை வருசக்கணக்கில மெதுமெதுவா அகட்டினவை. பழைய வேலை போக முன்னம் புது வேலை வந்து நிண்டது. நாங்களும் எட்டு வருசத்துக்குப் பிறகு கட்டுநாயக்காவில வலயம் திறந்தம்தான். ஆனா தோட்டக்காரன்ர கதவை அதுக்கு முதலே உடைச்சுப்போட்டம். வலயம் கட்டுநாயக்காவில, உடைஞ்ச கதவு சுன்னாகத்தில.

கடைசியா, எங்கட கடலைப் பற்றி.

காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினம் 110 கிலோமீற்றர் அளவு. காங்கேசன்துறையில இருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். ஆனா அங்கால இருந்து எங்களுக்கு வாற சாமானில பெரும்பகுதி தீவைச் சுத்திக் கொழும்புக்குப் போய், அங்க சுங்கத்தில கிடந்து, பிறகு லொறியில ஏ-9 ஆல ஏறி வருது. ஒருகாலத்தில எங்கட புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938 இல அமெரிக்கா வரைக்கும் போய்ச் சேந்தது. அப்பிடி இருந்த கரை, இப்ப வரைபடத்தில ஒரு முட்டுச்சந்து. பலாலிக்கு 2019 இல விமானம் வந்தது. காங்கேசன்துறைக்கு 2023 இல பயணிகள் கப்பல் வந்தது. நல்லது. ஆனா பயணி வந்து சேலையும் தட்டுமுட்டும் வாங்கிப் போறது வர்த்தகம் இல்ல. சரக்கு வேணும். அதுக்குச் சுங்கம், குளிர்க் களஞ்சியம், பயிர்த் தொற்று நோய்ச் சோதனை, தரச் சான்றிதழ், எல்லாம் இஞ்சயே வேணும். நீர்வேலிப் பக்கத்து வாழைப்பழம் துபாய் வரைக்கும் போயிருக்கு. நண்டு போகுது. பனங்கட்டியும் ஒடியலும் கேக்கிற சனம் உலகம் முழுக்க இருக்கு. ஒவ்வொண்டுக்கும் கொழும்புக்கு ஓடித் திரியிற செலவிலேயே சின்ன ஏற்றுமதிகாரன் களைச்சுப்போறான்.

தேநீர் இடைவேளையில உரும்பிராய்ப் பக்கத்து ஐயா ஒருத்தர் என்னைப் பிடிச்சுக் கேட்டவர்: "தம்பி, துறைமுகத்தைத் திற எண்டுறாய். திறந்தா அந்த வெங்காயம் நேரா என்ர தோட்டத்து வாசலில எல்லோ வந்து இறங்கும்?" ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அதை மூடி மறைச்சுப் போட்டு மேடையில கைதட்டு வாங்க எனக்கு விருப்பமில்ல. ஓம், வரும். இப்பவும் வருது, கொழும்பு சுத்தி வருது. காங்கேசன்துறையில இறங்கினாலும் கொழும்பில இறங்கினாலும் வரி ஒண்டுதான். லொறிச் செலவு குறைஞ்ச அளவுக்கு இஞ்ச விலை இறங்கும், அது தோட்டக்காரனுக்கு அடிதான். அதனாலதான் எங்கட கட்சி வரிசையைச் சொல்லுது: முதல்ல வரி நாட்காட்டி, பிறகு சரக்குத் துறைமுகம். முதலாவது வராமல் ரெண்டாவது மட்டும் வந்தா, 1977 ஐ நாங்களே எங்கட கையால திரும்பச் செய்த மாதிரி இருக்கும். கட்சிக்குள்ளயும் இதில எல்லாருக்கும் ஒரே கருத்தில்ல. துறைமுகம் வாறதே பெரிசு, நிபந்தனை போட்டு அதையும் கெடுக்காதே எண்டு சொல்லுற மூத்தவை இருக்கினம். வணிகர் கழகங்களில இருக்கிற நண்பர்களும் அதைத்தான் சொல்லுகினம். நான் என்ர கருத்தை மறைக்கேல்ல: ஐயாவின்ர பக்கம்தான் நான். கடற்றொழிலாளர் பிரிவும் இதில தங்கட கேள்வியைக் கேட்டிருக்கினம். அங்கால இருந்து வாற இழுவைப் படகு எங்கட வலையை அறுத்துக்கொண்டு போற கடலில, வர்த்தகக் கப்பலுக்கு மட்டும் சிவப்புக் கம்பளமோ எண்டு. அதையும் பேச்சுவார்த்தை மேசையில ஒண்டாத்தான் வைக்கவேணும்.

இப்ப உங்களிட்ட ஒரு வேலை. நாடாளுமன்றத்தில கதைக்கேக்க "கமக்காரன் நட்டப்படுறான்" எண்டு சொன்னா ஆரும் கணக்கெடுக்கினம் இல்ல. எங்களுக்குக் கணக்கு வேணும். போன போகத்தில வெங்காயமோ கிழங்கோ மிளகாயோ செய்த ஆக்கள், விதை வாங்கின நாள், விலை, வித்த நாள், வித்த விலை, இந்த நாலையும் ஒரு கொப்பித் தாளில எழுதி உங்கட வட்டாரக் கிளையில குடுங்கோ. சந்தையில தந்த துண்டு இருந்தா அதையும் படம் பிடிச்சுக் குடுங்கோ. பேர் போடத் தேவையில்ல, ஊர் காணும். வெளிநாட்டில இருக்கிற உறவுகள், உங்கட ஊர்க் கடையில யாழ்ப்பாணத்துச் சாமான் எண்டு என்ன வருது, என்ன விலை, பொதியில எந்த நாட்டுப் பேர் போட்டிருக்கு எண்டு படம் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கோ. அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்துக்கு முன்னம் எல்லாத்தையும் தொகுத்து வர்த்தமானித் திகதிகளோட பக்கத்தில பக்கத்தில வைப்பம். எந்த வர்த்தமானி எந்த அறுவடையை அடிச்சது எண்டு அப்ப காட்டலாம்.

உரும்பிராய் ஐயா தன்ர கணக்கை இப்பவே தந்திட்டார், சட்டைப் பையில எழுதி வைச்சிருந்தவர். மற்ற ஆக்கள் வெளியில மேசையில தாள் இருக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ.